கம்ப்யூட்டர் வரும் பின்னே, புத்தகம் வரும் முன்னே!

1965-ம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. அக்டோபர் 2-ம் தேதி சேலம் மாவட்டத்தைப் பிரித்து தருமபுரி மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதே வருஷம், வடக்கே கான்பூர் ஐ.ஐ.டி-யில், கம்ப்யூட்டர் சயன்ஸை எடுத்துக்கொண்டு எம்.டெக். படிக்கலாம் என்று ஆரம்பித்தார்கள்.

புது மாவட்டத்தில் கம்பைநல்லூர் என்று ஓர் ஊர். இன்றைக்குப் பேரூராட்சி. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் மொரப்பூருக்குப் போகவேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அன்றைக்கு கான்பூரும் ஒன்றுதான், சந்திரமண்டலமும் ஒன்றுதான். அப்படியிருக்க, கான்பூரில் குளுகுளு அறைக்குள் நடந்த வித்தை இந்த மாதிரி ஊர்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது? மெஷின் வழியாக என்று நினைத்தால் தப்பு. அது ரொம்பப் பிற்பாடு. முன்னால் வந்தது புத்தகம். ‘முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய்’ என்று கையைப் பிடித்து எழுத வைக்கும் புத்தகம்.

இந்த வகைப் புத்தகத்துக்குத் தாத்தா 1951-ல் வந்தது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், தன் சகாக்களான வீலர், கில் இருவரையும் சேர்த்துக்கொண்டு எழுதியது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது எப்படி என்று அச்சில் வந்த முதல் புத்தகம் அதுதான். வில்க்ஸ் ஒரு தமாஷான விஷயத்தைப் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். 1949-ல் ஒருநாள் மாடிப்படியில் நின்றபோது அவருக்கு உறைத்ததாம்: தன் மீதி ஆயுளில் பெரும்பகுதி, தானே எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதிலேயே கழியப்போகிறது என்று! படிப்படியான புத்தகங்களின் தேவை அந்த மாடிப்படியிலேயே பிறந்துவிட்டது என்பேன். ஒருவர் விழுந்த குழியை அடுத்தவருக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். மொரப்பூரில் ஏறி, சேலத்தைத் தாண்டிப் போனால் அதே ரயில் பாதையில் ஈரோடு. அங்கே 1933-ல் பிறந்தவர் வி.ராஜாராமன். படித்தது டெல்லியில், அப்புறம் பெங்களூரில், அதற்கப்புறம் அமெரிக்காவில். டாக்டர் பட்டத்தோடு திரும்பி கான்பூர் ஐ.ஐ.டி-யில் வாத்தியாராகச் சேர்ந்தார். 1963 ஆகஸ்டில் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இது ஒரு வேடிக்கையான மெஷின். கூட்டல் போடத் தனியாக மின்சுற்று கிடையாது. மெமரியில் ஒரு வாய்ப்பாட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். ‘ஏழும் எட்டும் எத்தனை’ என்றால் வாய்ப்பாட்டைப் பார்த்து விடை சொல்லும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி! அதற்குக் கூட்டவே தெரியாது என்று அமெரிக்காக்காரர்களே கிண்டல் பண்ணினார்கள். ஆனால், ஃபோர்ட்ரான் என்ற மொழி தெரிந்த மெஷின். எண்களாக எழுதி மல்லுக்கட்ட வேண்டாம். ஏறக்குறைய அல்ஜீப்ரா மாதிரி எழுதினால் புரிந்துகொள்ளும்.

ஒரே ஒரு மெஷின். கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர்களோ தேசம் முழுக்க. கான்பூரில் பத்து நாள் வகுப்புகள் நடத்தினார்கள். பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், கம்பெனிகளிலிருந்தெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். போனவர்கள் அவரவர் ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லித்தர என்ன வைத்திருந்தார்கள்? கையில் இருந்த நோட்ஸ்தான்.

அமெரிக்கப் புத்தகங்கள் இருந்தன. டேனியல் மெக்ராக்கன் என்பவர் 1961-ல் எழுதிய ஃபோர்ட்ரான் வழிகாட்டி பிரமாதமான புத்தகம். சிக்கல், விலை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர், ஒரே ராத்திரியில் 7 ரூபாய் 50 காசு ஆனது. பத்து டாலர் புத்தகம் 75 ரூபாய். ஹாஸ்டல் பையன் எங்கே போவான்? ராஜாராமன் தன் வகுப்புக் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். 1969-ல் பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா வெளியிட்டது. மாணவர் பைக்கு எட்டும் விலை. அட்டை, காகிதமெல்லாம் சுமார்தான். ஆனால், உள்ளே இருந்தது முழுச் சாப்பாடு. அவர் பிற்பாடு எழுதிய புத்தகங்களும் இதே தினுசுதான்.

அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளை போட்டு, அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். முடிவு, முறை வரும்போது கிடைக்கும். எங்கேயாவது ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் எல்லோரும் மெஷினை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். இந்த வரியில் எக்ஸ்-க்கு என்ன மதிப்பு, அடுத்த வரியில் என்ன என்று பேப்பரில் எழுதி, தானே கம்ப்யூட்டராக மாறி நடப்பது. மெஷினே பார்க்காதவனும் பேனாவும் தாளும் இருந்தால் படிக்கலாம் என்ற நிலைமையை இந்தப் பழக்கம்தான் உண்டாக்கியது. சிற்றூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வாசலையும் அதே ராஜாராமன் திறந்தார். 1980-களின் தொடக்கத்தில், கம்ப்யூட்டர் ஆட்களுக்கு வரப்போகும் தேவையைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைவர். அந்தக் குழு சிபாரிசு செய்த படிப்புதான் எம்.சி.ஏ. எஞ்சினீயரிங் சீட் கிடைக்காமல் பக்கத்து டவுன் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவர்களும் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடிந்தது. பத்ம பூஷண் 1998-ல் கொடுத்தார்கள். அதற்கு வெகு முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொடுத்திருக்கும்.

இதற்கிடையில் 1978-ல், அமெரிக்காவின் பெல் லேப்ஸிலிருந்து ஒரு சின்னப் புத்தகம். பிரையன் கெர்னிஹான், டென்னிஸ் ரிட்சி எழுதியது. ‘சி’ மொழியைச் சொல்லித்தரும் 228 பக்கம். திரையில் ‘ஹலோ, வேர்ல்ட்’ என்று எழுத்து வரவேண்டும், அதுதான் முதல் பயிற்சி. கெர்னிஹான் அதற்குச் சில வருஷம் முன்பே தன் பாடக் குறிப்புகளில் பரீட்சித்துப் பார்த்த உத்தி. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அவர்களுக்குத்தான் சூட்சுமம் தெரியும். இரண்டு வார்த்தையை எழுத வைப்பதற்குள் எங்கே டைப் அடிப்பது, எப்படி மொழிமாற்றுவது, எப்படி ஓட்டுவது, விடை எங்கே வரும் என்ற நாலு பூட்டையும் திறந்தாக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமெல்லாம் பாடம் படிக்கிற வேலைதான். முதல் நாளே ஒரு ஜெயம்! கோலம் போடக் கற்றுத் தருகிறவர்கள் நாலு புள்ளிக் கோலத்தில்தானே ஆரம்பிக்கிறார்கள்?

இந்தப் புத்தகத்துக்கும் இந்தியாவில் மலிவுப் பதிப்பு வந்தது. ஆனால், அதன் இங்கிலீஷ் கொஞ்சம் சுருக்கம், கொஞ்சம் முறுக்கு. நம்மவர்களுக்கு இன்னும் அவிழ்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இ.பாலகுருசாமி. பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவருடைய சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா புத்தகங்களைத் தொடாமல் காலேஜ் முடித்தவர்கள் அபூர்வம். இன்னொருவர் நாக்பூர்க்காரர் யஷ்வந்த் கனேத்கர். ‘லெட் அஸ் சி’ என்ற அவர் புத்தகம், எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் இந்த இரண்டும் கோனார் நோட்ஸ் அளவுக்குப் புழங்கின.

இங்கேதான் ஒரு வில்லங்கமும் வந்தது. 1987-ல் போர்லண்ட் கம்பெனி ‘டர்போ சி’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அன்றைக்கு அது ராஜா. நம் பாடப் புத்தகங்களும் லேப்களும் அதையே பிடித்துக்கொண்டன. 1989-ல் சி மொழிக்குப் பொது இலக்கணம் வந்தது. டர்போ சி போய் எத்தனையோ வந்தன. நம் லேப் ரெக்கார்டு மட்டும் அசையவில்லை. திரையைத் துடைக்க ‘கிளியர் ஸ்கிரீன்’ என்று ஒரு கட்டளை, ‘வாய்ட் மெயின்’ என்று ஒரு தொடக்கம். இரண்டும் அந்தப் பொது இலக்கணத்தில் இல்லாதவை. 2010-களிலும் பல கல்லூரிகளில் இதையே எழுதி மார்க் வாங்கினார்கள். வேலைக்குப் போய் வேறு மெஷினில் அதே புரோகிராமை ஓட்டினால், அது கைவிரித்துவிடும். பையன் தன்மீதே சந்தேகப்படுவான். தப்பு அவனுடையது அல்ல, ரெக்கார்டு நோட்டுடையது.

படிப்படியான புத்தகத்தின் பலமும் பலவீனமும் இதுதான். படி இருக்கும் இடம் வரைக்கும் பத்திரமாகக் கொண்டு போய் விடும். வீட்டை இடித்து வேறு இடத்தில் கட்டிவிட்டால், படிக்கு அது தெரியாது. பரீட்சைக்குப் புரோகிராமை நெட்டுரு போட்டவர்கள் படியில் ஏறவே இல்லை. படியை எண்ணிவிட்டு வந்தவர்கள்.

விலைப் பூட்டு திறந்தாயிற்று. மொழிப் பூட்டு? தமிழ்வழியில் பிளஸ் டூ படித்தவருக்கு அது பெரிய மலை. 2000-களின் நடுவிலிருந்து தமிழ்வழிப் பிளஸ் டூ பாடத்தில் சி பிளஸ் பிளஸ் இருந்தது. கிளாஸ் என்றால் இனக்குழு, ஃபங்ஷன் என்றால் செயற்கூறு, இன்ஹெரிட்டன்ஸ் என்றால் மரபுரிமம். சொற்கள் நன்றாகத்தான் இருந்தன. 2019-ல் சி பிளஸ் பிளஸ் போய் பைத்தான் வந்தது. விளக்கம் தமிழில், கட்டளை இங்கிலீஷில் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. அதே மாணவர் காலேஜுக்குப் போனதும் மரபுரிமத்தை மறந்துவிட்டு இன்ஹெரிட்டன்ஸை முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

வெப்சைட் கட்டும் கலை இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அதன் மூலத்தை உரித்துப் பார்க்கலாம், பக்கமே புத்தகம். ஆனாலும் எங்கே ஆரம்பிப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். 2012-ல் த.சீனிவாசனும் நண்பர்களும் ‘கணியம்’ மின்னிதழை ஆரம்பித்தார்கள். அதில் து.நித்யா தொடராக எழுதியவை ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் மின்னூல்களாக வந்தன. ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., மைஎஸ்க்யூஎல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். விலை பூஜ்யம். மலிவுப் புத்தகத்துக்காக கான்பூரில் தொடங்கிய கணக்கு இங்கே வந்து நேராகிறது.

இன்னும் ஒரு படி மேலே போனவர் முத்து அண்ணாமலை. விளக்கம் மட்டும் ஏன், கட்டளையே தமிழில் இருந்தால் என்ன என்று கேட்டு, ‘எழில்’ என்ற நிரல்மொழியை உருவாக்கி 2009-ல் அறிமுகப்படுத்தினார். பிரின்ட் என்பதற்குப் ‘பதிப்பி’. ‘இஃப்’ வரும் இடத்தில்தான் அழகு. இங்கிலீஷ் மொழிகளில் அந்தச் சொல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, அப்புறம்தான் ‘ஆனால்’ போடவேண்டும். ‘மழை வந்தால்’ என்று நாம் பேசுகிற அதே வரிசை. கம்பைநல்லூர்ப் பையன் வாயில் ஏற்கெனவே இருக்கிற இலக்கணம். இதற்காகத் தனியாக ஒரு படி ஏறவேண்டியதில்லை. எழில் தெரியும் என்று சொன்னால் இன்றைக்கு எந்தக் கம்பெனியும் வேலை தராது, அது வேறு விஷயம். ஐ.பி.எம். 1620-ல் ஃபோர்ட்ரான் கற்றுக்கொண்டவர்களும், அந்த மெஷினை வைத்துக்கொண்டு பிழைக்கவில்லை.