பால் பல்லும் ஒரு நூற்றாண்டு மருந்தும்

"விழுந்து முளைக்கிற பல்தானே, பிடுங்கிவிட்டால் போகிறது!" குழந்தைக்குப் பல்வலி என்றால் பல வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் முளைக்கும் நிலைப்பல்லுக்கு இடம் இல்லாமல் போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் பால் பல்லையும் காப்பாற்ற முயன்றார்கள்.

1904-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் பக்லி, ஃபார்மால்டிஹைடும் கிரெசாலும் கலந்த 'ஃபார்மோகிரெசால்' என்ற மருந்தை அறிமுகப்படுத்தினார். 1930-ல் சார்லஸ் ஸ்வீட் அதைப் பால் பற்களுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பல்லின் மேற்பகுதியில் கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு, வேருக்குள் மிஞ்சும் கூழின் மேல் மருந்தில் தோய்த்த பஞ்சை வைப்பார்கள். உறுப்புகளைக் கெடாமல் ஜாடியில் வைக்க உதவும் ஃபார்மலினும் ஃபார்மால்டிஹைடின் கரைசல்தான். அது அங்கே செய்வதையே பல்லுக்குள்ளும் செய்தது. அதாவது கூழைக் குணப்படுத்தவில்லை, பதப்படுத்தியது!

மருந்து மலிவு, வேலை எளிது, பல்லும் நின்றது. போட்டிக்கு வந்த கால்சியம் ஹைட்ராக்சைடு பெரியவர்களின் பல்லுக்கு உதவினாலும், பால் பல்லில் வேரை உள்ளிருந்தே அரித்துவிடுவது அடிக்கடி நடந்தது. எனவே பழைய மருந்தே பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

பல்லில் வைத்த மருந்து பல்லோடு நின்றுவிடுகிறதா? இந்தக் கேள்வி தாமதமாகத்தான் வலுப்பெற்றது. வைத்த ஃபார்மால்டிஹைடில் ஒரு பகுதி உடலுக்குள் பரவுவதை 1970-களில் விலங்குச் சோதனைகள் காட்டின. மருந்தை ஐந்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து பார்த்தார்கள். 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. பல்லில் வைக்கும் அளவு மிகச் சிறியது. அதனால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாற்று மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ.வின் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்ட்! ஈரத்திலேயே இறுகி, கிருமி புகாமல் அடைத்து, வேரிலுள்ள கூழை உயிரோடு விட்டுவைக்கிறது. பால் பற்களுக்கான மருந்துகளை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வும் இதன் பக்கமே சாய்ந்தது.

ஆனாலும் பழைய மருந்து உடனே மறைந்துவிடவில்லை. புதியதன் விலை பல மடங்கு அதிகம். 2017-ல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் இரண்டையுமே பரிந்துரைத்தது. பல் நிலைத்ததா என்ற கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பல்லை மட்டும் பார்த்தால் எது மலிவோ அதுவே போதும். பல்லுக்குச் சொந்தக்காரக் குழந்தையையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும் குழந்தைக்கு அதைக் கேட்கத் தெரியாது. "என்ன மருந்து வைக்கிறீர்கள் டாக்டர்?" என்று பெற்றோர்தான் கேட்க வேண்டும்.