ராச்டேல் நெசவாளரும் ஒரு மூட்டை ஓட்ஸ் மாவும்

நமது நாடு பனிக்காலம் காணாதது. அடைமழை நாளில் ஒரு குவளை சுக்குக் காப்பியோடு நம் குளிர் போய்விடும். வட இங்கிலாந்தின் மார்கழிக் குளிரோ அத்தகையதன்று. ஆங்கே லங்காஷயரிலுள்ள ராச்டேல் நகரில் கம்பளித் துணி நெய்து பிழைத்த ஏழைகளின் உயிரைத் தாங்கிய உணவுகளுள் ஓட்ஸ் கஞ்சி முதன்மையானது. ஓட்ஸ் மாவைக் கொதிநீரிற் சிறுகச் சிறுகத் தூவி, கட்டி விழாமற் கிளறி, உப்பிட்டுச் சூட்டோடு உண்பர். சிறிது வெண்ணெயும் கிட்டினால் அது விருந்து. கேழ்வரகுக் கூழுண்டு வளர்ந்த நம்மவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அந்த மாவு வீட்டிற்கு வந்த வழியே அவர்களது துன்பம். 1840-ஆம் ஆண்டுகளிற் கூலி போதவில்லை. கடைக்காரர் கடன் கொடுப்பார். கடன்பட்டவன் வேறு கடைக்குப் போகமுடியாது. போகமுடியாதவனுக்கு எதையும் நிறுத்துக் கொடுக்கலாமன்றோ? மாவிலும் ரொட்டியிலும் சுண்ணமும் படிகாரமும் கலப்பது அந்நாளில் இங்கிலாந்திற் பரவியிருந்த வழக்கம். 1820-லேயே ஆக்கம் என்னும் இரசாயன நிபுணர் இத்தகைய கலப்படங்களை நூலெழுதி அம்பலப்படுத்தினார். எனினும் கலப்படத்தைத் தடுக்கும் பொதுச்சட்டம் 1860-லேதான் பிறந்தது. கூலிக்குப் பதிலாகப் பண்டம் தருவதை 1831-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கடைப் பற்றுப் புத்தகத்தை அது தொடவில்லை. தோட்டத்துக் கிராணியாகிய நாம் அப்புத்தகத்தை நன்கறிவோம். சம்பளம் கைக்கு வருமுன்பே கடைக்குச் சொந்தமாகிவிட்ட குடும்பங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறோம்.

ராச்டேல் மக்கள் 28 பேர் தாமே கடை வைப்பதெனத் துணிந்தனர். வாரம் இரண்டு மூன்று பென்ஸாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் திரட்டினர். 1844 டிசம்பர் 21-ல், இரவு மிக நீண்டிருக்கும் காலத்தில், டோடு லேன் என்னும் தெருவிற் கடை திறந்தது. சரக்கு யாது? 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 6 அந்தர் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், இவ்வளவே. தெருச்சிறுவர் கூடி நகைத்தனர்.

கலப்படமற்ற பண்டம், சரியான நிறை, ரொக்கம் ஆகியவையே அவர்களது விதிகள். கடன் கிடையாது என்னும் விதி கொடிதன்றோவென நாமும் ஐயுற்றதுண்டு. வேலையிழந்தவன் அக்கடை வாயிலில் என் செய்வான்? இன்றும் இதற்கு நம்மிடம் முழுவிடையில்லை. ஆயினும் கடனால் முன்னர்ச் சில சங்கங்கள் அழிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். இலாபத்தை வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். ஆகவே கஞ்சிக்கு மாவு வாங்கிய குடும்பத்திற்கு அம்மாவின் பேரிலேயே சிறுசேமிப்பும் சேர்ந்தது.

1845-ல் தேயிலையும் விற்பனைக்கு வந்தது. 1850-ல் அங்கத்தினர் 600 பேர். மலாய்ச் சமஷ்டி நாடுகளிற் கூட்டுறவுச் சட்டம் 1922-ல் வந்தது. இங்கிலாந்தில் மணமான பெண்ணின் ஊதியம் 1870 வரையிற் சட்டப்படி கணவனுக்கே உரியது. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1846-ல், எலைசா பிரயர்லி என்னும் பெண்மணி டோடு லேன் கடையிற் பங்குதாரராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டார்.