ஃபெரெட் வேவுக் கவச ஊர்தி: புதுப்பித்தல்

ஃபெரெட் என்பது பிரிட்டனின் டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை தயாரித்த நான்கு சக்கர வேவுக் கவச ஊர்தி. இரண்டாம் உலகப்போர்க் கால டிங்கோ வேவு ஊர்தியின் வழிவந்தது. 4,400-க்கும் மேற்பட்டவை உருவாயின; இந்தியா, இலங்கைப் படைகளும் பயன்படுத்தின.

அமைப்பு: ஆறு சிலிண்டர் ரோல்ஸ்-ராய்ஸ் பி60 பெட்ரோல் எஞ்சின் பின்புறம் உள்ளது. ஐந்து கியர்களும் முன்னோக்கியும் பின்னோக்கியும் இயங்கும். லீவரால் கியரைத் தேர்ந்துவைத்து, பெடலை மிதித்து மாற்ற வேண்டும். தனிச் சட்டகம் இல்லை. கவச உடலே எல்லாப் பாரத்தையும் தாங்கும்.

புதுப்பித்தல்: முதலில் உடலின் அடித்தளத்தில் தேங்கும் நீரால் ஏற்பட்ட துருவை நீக்க வேண்டும். கியர்பெட்டியின் பிரேக் பட்டைகளைச் சரிசெய்வது இன்றியமையாதது. அவை தேய்ந்திருந்தால் கியர் மாற்றும் பெடல் காலை வேகமாக உதைத்துத் தள்ளும். எண்ணெய் நிரம்பிய ஃப்ளைவீலின் சீல்களில் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

டயர்: ஒரே டிஃபரென்ஷியல் இரு பக்கச் சக்கரங்களையும் இயக்குவதால், ஒரு பக்கத்தின் முன், பின் சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழலும். டயர்களின் சுற்றளவு மாறுபட்டால் கெட்டியான சாலையில் இயக்கத் தண்டுகளில் முறுக்கம் சேர்ந்து பல்சக்கரங்கள் சேதமாகும். எனவே நான்கு டயர்களும் ஒரே அளவிலும் தேய்மானத்திலும் இருக்க வேண்டும்.