திறந்து மூடிய வயிறுகள்: திண்டுக்கல் சீமையும் இரைப்பைப் புற்றின் நிலை காட்டும் ஸ்கேன்களும்

ஒட்டன்சத்திரம் என்றதும் காய்கறிச் சந்தைதான் நினைவுக்கு வரும். அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அம்பிளிக்கை, புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கு நன்கு பழகிய பெயர். அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்தில் யாருக்கு என்ன புற்று வந்தது என்று 1990களின் நடுவிலிருந்தே கணக்கெடுத்தன. ஏறத்தாழ 20 லட்சம் மக்களை உள்ளடக்கிய அந்தப் பதிவேட்டின் 2003–2006 கணக்கு 2009இல் ஆய்விதழில் வெளியானது. ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்றே அதில் முதலிடத்தில் நின்றது.

அம்பிளிக்கைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது வேறொரு புற்று. 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தைக் கண்ணால் பார்த்தே நோயின் முன்னறிகுறியைப் பிடிக்கும் ஆய்வு 2000இல் இந்த மாவட்டத்தில் தொடங்கியது. அந்தப் புற்றினால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007இல் 'லான்செட்' வெளியிட்டது. இரைப்பைக்கு அப்படியொரு மலிவான வழி கிடையாது. விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு அது. 'கேஸ்', 'அல்சர்' என்று மாதக்கணக்கில் மாத்திரை வாங்கித் தின்றபின்தான் பலரும் குழாய் விட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறார்கள்.

குழாய் விட்டுச் சதை எடுத்துப் புற்று என்று உறுதியானாலும் பாதிக் கேள்விதான் தீர்கிறது. மீதி, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. பதிவேட்டுக்காரர்களும் நோய் உறுப்புக்குள்ளேயே நிற்கிறதா, பக்கத்துக்குப் பரவிவிட்டதா, தொலைவுக்குப் போய்விட்டதா, தெரியவில்லையா என்று நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். 'தெரியவில்லை' என்ற அந்தக் கடைசிக் கட்டம், நோயாளி எந்த இயந்திரத்துக்குள் போய் வந்தார், எதற்குள் போகவில்லை என்பதையும் சொல்லிவிடும்.

ஸ்கேன்கள் வருமுன் இந்தக் கேள்விக்கு விடை சொன்னவை மருத்துவரின் விரல்கள். இடது காறையெலும்புக்கு மேலே கல்போல ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டால் வயிற்றுப் புற்று பரவிவிட்டது என்று பொருள். 1848இல் ருடால்ஃப் விர்ச்சோ விவரித்ததால் அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தொப்புளில் முடிச்சு, மலக்குடலில் விரல் விட்டால் தட்டுப்படும் திட்டு, வயிற்றில் நீர் கோத்தல் ஆகியவையும் அதே வகை. இவற்றில் ஒன்று தென்பட்டாலே கத்தி எடுப்பதில் பயனில்லை. எதுவும் தென்படாவிட்டாலும் நோய் பரவவில்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் அங்கேதான்.

ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு மாணவர் வால்டர் கேனன் விலங்குகளுக்குப் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, இரைப்பை அசைவதைத் திரையில் பார்க்கத் தொடங்கினார். 1904இல் மியூனிக்கின் ஹெர்மன் ரீடர் அதை மனிதர்களுக்கான பரிசோதனையாக்கினார். பிஸ்மத்தின் நச்சுத்தன்மை தெரிந்ததும் 1910 வாக்கில் பேரியம் சல்பேட் அதன் இடத்தைப் பிடித்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டபோது, வயிற்றுக் கோளாறுகளுக்குப் பேரியம்தான் முதன்மைச் சோதனை. 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடு இருந்தது. ஊரில் தீராத நோய்க்கு எர்ஸ்கின் என்ற பழைய பெயர் கொண்ட மதுரைப் பெரியாஸ்பத்திரிதான் கதி. இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை அதுதான்.

பேரியம் படம் காட்டுவது இரைப்பையின் உள்வடிவத்தை மட்டும். மடிப்பு எங்கே சிதைந்திருக்கிறது, வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லும். இதே படத்தைக் காற்றோடு சேர்த்து இரட்டை மாறுபாட்டு முறையாக ஜப்பானியர் 1950களில் செதுக்கி எடுத்தார்கள். மெல்லிய ஆரம்பப் புற்றைக்கூடப் பிடிக்கும் அளவுக்குத் தேர்ந்து, நாடெங்கும் முன்கூட்டிச் சோதிக்கும் திட்டத்தையே அதன் மேல் கட்டினார்கள். ஆனால் சுவரின் ஆழத்தில் புற்று எத்தனை அடுக்கைத் தாண்டியது, கல்லீரலில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் படத்திலும் இல்லை. அதனால் உலகமெங்கும் அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்தே பார்த்தார்கள். உள்ளே கருணையில்லாமல் பரவிக் கிடந்தால் அப்படியே தைத்து மூடினார்கள். நோயாளிக்கு மிஞ்சியது தழும்பும், ஆறும்வரை படுக்கையும், கடனும். நிலை காட்டும் ஸ்கேன்களின் வரலாற்றை, துல்லியம் எத்தனை சதவீதம் கூடியது என்று அளப்பதைவிட, இப்படித் திறந்து மூடிய வயிறுகள் எவ்வளவு குறைந்தன என்று அளப்பதே நியாயம்.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. சில ஆண்டுகளில் உடல் முழுவதற்குமான கருவிகள் வந்தன. 1981இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் மாஸும் கூட்டாளிகளும் இரைப்பைப் புற்றை சி.டி. கொண்டு நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். உட்புறக் கட்டி மட்டும் இருந்தால் முதல் நிலை, சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் இரண்டாம் நிலை, பக்கத்து உறுப்பில் ஒட்டினால் மூன்றாம் நிலை, தொலைவுக்குப் போனால் நான்காம் நிலை. வயிற்றைத் திறக்காமலே விடை கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். 1988இல் வேறொரு குழு அறுவைக்குப் பின் கிடைத்த உண்மை நிலையோடு ஒப்பிட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சி.டி. பலருக்கு நோயைக் குறைத்துச் சொல்லியிருந்தது, சிலருக்கு மிகைப்படுத்தியிருந்தது.

கோளாறு கருவியில் மட்டுமில்லை, எடுத்த விதத்திலும் இருந்தது. வெறும் வயிறு சுருங்கிக் கிடந்தால் நல்ல சுவரும் தடித்தாற்போலத்தான் தெரியும். இப்போது முறை மாறியிருக்கிறது. நோயாளி இரவிலிருந்து சாப்பிடாமல் வருகிறார். மேசையில் ஏறுமுன் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர் குடிக்கிறார். சிறுநீரகத்தின் நலம் காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருந்தால் முழங்கை மடிப்பில் அயோடின் மருந்து ஏறுகிறது. உடம்பு முழுக்கச் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்று ஒரு கணம் பதறவைக்கும். ஏறத்தாழ 70 நொடி கழித்து 'மூச்சை அடக்குங்க' என்று ஒலிபெருக்கி சொல்கிறது. விரிந்த சுவரில் மருந்து ஏறிய புற்று பளிச்சென்று தெரியும். வெளி ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்பதை வைத்து டி3, டி4ஏ என்று ஆழத்தைப் பிரிப்பார்கள். 1998க்குப் பின் வந்த பல அடுக்குக் கருவிகள் ஒரே மூச்சில் முழு வயிற்றையும் எடுத்து, எந்தக் கோணத்திலும் வெட்டிக் காட்டின.

இங்குள்ள நோயாளிகளிடம் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. சாப்பிட முடியாமல் மெலிந்து வருபவரின் இரைப்பையைச் சுற்றிக் கொழுப்பு இராது. கணையத்துக்கும் இரைப்பைக்கும் நடுவே கொழுப்புக் கோடு தெரியாவிட்டால், புற்று ஒட்டியதா வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பிரிப்பது கடினம். இரண்டாவது காசநோய். வீங்கிய நெறிக்கட்டியும் வயிற்று உறை தடிப்பும் காசநோயிலும் வரும். பாடநூல் எழுதப்பட்ட நாடுகளில் இது ஓர் அடிக்குறிப்பு. இங்கே அன்றாடம் எதிர்ப்படும் சந்தேகம்.

ஆழத்தை நுட்பமாக அளக்க 1980களில், வாய்வழி விடும் அந்தக் குழாயான எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே அல்ட்ராசவுண்டைப் பொருத்தினார்கள். சுவரை ஐந்து அடுக்காகப் பிரித்துக் காட்டிய அது, ஆழம் சொல்வதில் சி.டி.யை முந்தியதென்று 1991இல் பதிவானது. ஆனால் கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் அனுபவம் அரிது. மாவட்டத் தலைநகரங்களில் அது பரவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் சி.டி. சாமானியருக்கு எட்டியதில் 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மருந்து கொள்முதலுக்காகத் தொடங்கிய அந்தக் கழகம், பின்னர் அரசு மருத்துவமனைகளுக்குள் ஸ்கேன் மையங்களையும் நடத்தியது. வெளியே ஆயிரக்கணக்கில் ஆன சி.டி.க்கு அங்கே 500 ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியையும் ஏற்றது. 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

நிலை அறிவதற்கு 'பெட் ஸ்கேன்' எடுத்தே தீர வேண்டும் என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. அதற்காகக் குடும்பங்கள் மதுரைக்கோ கோவைக்கோ அலைகின்றன. இரைப்பையைப் பொறுத்தவரை அந்த அலைச்சல் எல்லோருக்கும் தேவையில்லை என்றே சான்றுகள் காட்டுகின்றன. பெட் ஸ்கேனில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையைப் பல புற்றுகள் வேகமாக உறிஞ்சும். இரைப்பையில் வரும் மோதிரச் செல் வகையோ பெரும்பாலும் அதை ஏற்காமல் இருட்டாகவே இருந்துவிடும். நெதர்லாந்தில் 394 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையிலேயே காட்டியது. பரவிய நோயைப் பெட் ஸ்கேன் கண்டது 3 சதவீதம் பேரிடம்தான். வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியோ, வயிற்று உறையில் பரவிய அல்லது அகற்ற முடியாத அளவு முற்றிய நோயை 19 சதவீதம் பேரிடம் கண்டது.

காரணம் எளிது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய குருணைகள் உறையின் மேல் தூவிக் கிடந்தால் சி.டி.க்கும் பெட்டுக்கும் பெரும்பாலும் சிக்காது, கண்ணுக்குச் சிக்கும். ஆகவே புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு நிலை அட்டவணை, அறுவைக்கு முன் சோதனைகளால் ஊகிக்கும் நிலையையும் வெட்டியெடுத்தபின் நுண்ணோக்கியில் உறுதியாகும் நிலையையும் தனித்தனிப் பட்டியலாக்கியது. ஸ்கேன் சொல்வது ஊகம் என்பதை அட்டவணையே ஒப்புக்கொண்ட மாதிரி.

திண்டுக்கல் போன்ற ஊருக்கு முதலில் வேண்டியவை, தண்ணீர் குடிக்கவைத்துக் கவனமாக எடுத்த ஒரு சி.டி.யும், அதன் அறிக்கையில் 'சுவர் தடிப்பு' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் டி (ஆழம்), என் (நெறிக்கட்டி), எம் (தொலைப் பரவல்) என மூன்றையும் எழுதும் கதிரியல் மருத்துவரும். சுவரைத் துளைத்த ஆழத்தோடு புற்று தெரிந்து சி.டி. மற்றபடி சுத்தமாக இருந்தால், அடுத்தது லேப்ராஸ்கோப்பி. கேமராவில் எதுவும் தென்படாவிட்டாலும் வயிற்றுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்து, நுண்ணோக்கிக்கு அனுப்புவார்கள். அதில் புற்றுச் செல் இருந்தால், படங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது நான்காம் நிலைதான். அவருக்குக் கீமோ தொடங்கும். பெரிய அறுவை தள்ளிவைக்கப்படும்.