நோட்டு வெளியிடாத ஊர் வங்கிகள்

கும்பகோணம் வங்கி 1904இல் பதிவானது. கரூர் வைசியா வங்கி 1916இல் தொடங்கியது. தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921இல் வந்தது. அதுதான் பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி ஆனது. ஊர்ப் பணத்தில் பிறந்து, ஊர்க்காரர்களின் நம்பிக்கையில் வளர்ந்த இந்த வங்கிகளில் ஒன்றுகூடத் தன் பெயரில் ரூபாய் நோட்டு வெளியிட்டதில்லை. அதே காலத்து அமெரிக்காவிலோ, சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூரின் வங்கியும் தன் ஊர்ப்பெயர் பொறித்த டாலர் நோட்டை 1935 வரை புழக்கத்தில் விட்டது. தமிழ்நாட்டு வங்கிகளுக்கு அது வாய்க்காமல் போனதற்கு மூலதனப் போதாமை காரணமல்ல. அவை பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

அதற்கு முன்பு சென்னையில் வங்கி நோட்டு இருந்தது. 1788இல் கர்நாடிக் வங்கியும், 1806இல் அரசாங்க வங்கியும் அங்கே தோன்றின. அன்று சென்னை மாகாணத்தின் கணக்கு வராகன் என்ற பொன் நாணயத்தில் ஓடியது. 1818இல்தான் வெள்ளி ரூபாய் அங்கே அடிப்படை நாணயமானது. 1843இல் உருவான மெட்ராஸ் வங்கியின் மூலதனம் 30 லட்சம் ரூபாய். அதில் 3 லட்சம் அரசின் பங்கு. ஒரு கோடி ரூபாய் வரை நோட்டு வெளியிட அதற்கு உரிமை இருந்தது. ஆனால் அந்த நோட்டு பெரும்பாலும் சென்னை வணிகர்களுக்குள்ளேயே சுற்றியது. நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்க வங்கியின் வாசலுக்கே போக வேண்டும் என்னும்போது, உள்நாட்டு விவசாயி அதை விரும்ப என்ன இருக்கிறது? மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த திண்டுக்கல் சமவெளியில் நிலவரிக் கிஸ்தியானாலும் கூலியானாலும் காசு காசாகத்தான் இருந்தது.

1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலியான நிலையில், இந்திய அரசின் நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் அரசே காகிதப் பணம் வெளியிட வேண்டும் என்று திட்டமிட்டார். 1860இல் அவர் இறந்துவிட, அடுத்து வந்த சாமுவேல் லெயிங் காலத்தில் 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் நிறைவேறியது. 1862 மார்ச் 1 முதல் வங்காளம், பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் நோட்டு வெளியிடும் உரிமையை இழந்தன. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக எழுதிய சீட்டைத் தனியார் எவரும் புழக்கத்தில் விடக்கூடாது என்பதும் சட்டமானது.

அரசு நோட்டு வந்ததால் உள்ளூர்க்காரரின் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. நாடு பண வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தின் நோட்டு அந்த வட்டத்துக்குள் மட்டுமே செல்லும். சென்னை வட்டத்துக்குக் கீழே திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு, விசாகப்பட்டினம் முதலிய ஊர்களில் துணை வட்டங்கள் இருந்தன. திண்டுக்கல் பக்கம் நெல் விற்ற ஒருவர் கைக்குப் பத்து ரூபாய் நோட்டு வந்தால், அதை வெள்ளியாக்கும் சட்டபூர்வமான உரிமை அவருக்குச் சென்னையிலோ திருச்சியிலோதான் உண்டு. வண்டிமாடு கட்டித் திருச்சி போவதைவிட, உள்ளூர் செட்டியார் கடையில் கழிவு பிடித்துக்கொண்டு தருவதை வாங்கிக்கொள்வதே லாபம். இப்படி முகமதிப்பில் கொஞ்சம் கழிவது அந்தக் காலத்து நோட்டுக்கு வாடிக்கை.

அந்த நோட்டின் தோற்றமும் இன்றைய நோட்டைப் போன்றதல்ல. கையால் செய்த நீர்க்குறித் தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சு; பின்பக்கம் வெறும் வெள்ளை. எந்த ஊரில் பணம் கிடைக்கும் என்பது முகப்பிலேயே இருக்கும். தொகை வட்டார மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். வரிசை எண்ணை இரண்டு இடத்தில் அச்சிட்டதில் ஒரு வசதி இருந்தது. வெளியூருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வணிகர் நோட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டுவார். ஒரு பாதியைத் தபாலில் சேர்ப்பார். அது கிடைத்ததாகப் பதில் வந்தபின் மறுபாதி போகும். வாங்கியவர் எண்களை ஒத்துப் பார்த்து இரண்டையும் ஒட்டிக்கொள்வார். வழியில் திருடுபவனுக்குக் கிடைப்பது பாதிக் காகிதம். பழைய நோட்டு சேகரிப்போரிடம் இன்றும் ஒட்டுப் போட்ட நோட்டுகளைப் பார்க்கலாம்.

தனியார் வங்கி நோட்டு என்றால் என்ன ஆபத்து என்பதைத் தமிழர்கள் பார்த்தது கடலுக்கு அப்பால், இலங்கையில். மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கூலிகள் போய் உழைத்த காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தது ஓரியண்டல் வங்கி. இலங்கையில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதியும் அதனுடையதே. 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக நொடித்தன. கடன் திரும்பாமல் 1884 மே 3ஆம் தேதி வங்கி கதவை மூடியது. அன்றுவரை பணமாக இருந்தது ஒரே நாளில் வெறுங்காகிதமாகிவிடும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்துப் பீதியை அடக்கினார். வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 1885 முதல் இலங்கையிலும் நோட்டு அரசின் கைக்குப் போனது. நோட்டுக்கு உத்தரவாதம் தந்து வைப்புக்குத் தராதது கோர்டன் வேண்டியவர் வேண்டாதவர் பார்த்துச் செய்த காரியமல்ல. பணம் போடுபவர் வங்கியைத் தேர்ந்தெடுக்கிறார். கூலி வாங்குபவரிடம் எந்த வங்கி நோட்டு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நோட்டு அடிக்க முடியாத ஊர்களில் வாணிபத்தைத் தாங்கியது உண்டியல். இன்னாருக்கு, இத்தனை நாள் கெடுவில், இவ்வளவு தொகை என்று பெயர் போட்டு எழுதிய உண்டியலுக்குச் சட்டத் தடை இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்னை, கொழும்பு, இரங்கூன் என்று கொடுக்கல் வாங்கல் நடத்தியது இதைக் கொண்டுதான். அவர்கள் எழுத்து ஊரறிந்த எழுத்து. அச்சிட்ட நோட்டைவிடச் சில இடங்களில் அதற்கு மதிப்பு அதிகம்.

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்னாட் நிறுவனம் திவாலானபோது வெள்ளைக்காரர் கம்பெனி விழாது என்ற நினைப்பும் விழுந்தது. அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியில் இந்தியன் வங்கி வந்தது. சிற்றூர் வணிகர்களும் தங்களுக்கென்று வங்கி தேடினர். கரூரில் எம்.ஏ. வெங்கடராம செட்டியாரும் ஆத்தி கிருஷ்ண செட்டியாரும் ஒரு லட்சம் ரூபாயில் கரூர் வைசியா வங்கியைத் தொடங்கினர். கரூருக்கு வெளியே அதன் முதல் கிளை 1927இல் திறக்கப்பட்டது. திறந்த இடம் திண்டுக்கல். புகையிலை, தோல், சிறுமலை வாழை, சுற்றுவட்டார நெல் என்று சரக்கு சேரும் ஊர் அது. 1875 முதல் ரயிலும் இருந்தது. அந்த நாள் ஊர் வங்கியின் பிழைப்பு எளிதாகப் புரியக்கூடியது: வைப்பு வாங்குவது, நகையை உரைகல்லில் உரசிப் பார்த்துக் கடன் கொடுப்பது, வணிகரின் உண்டியலைக் கழிவுக்கு வாங்குவது, வெளியூருக்கு டிராப்டு எழுதித் தருவது. தன் பெயர் அச்சிட்டு அது வெளியே விட்ட காகிதம் வைப்பு ரசீதும் டிராப்டும் பாஸ்புக்கும்தான்.

இதற்குள் அரசு நோட்டின் வட்டக் கட்டுப்பாடும் தளர்ந்துவிட்டது. ஐந்து ரூபாய் நோட்டு 1903இல் பர்மா நீங்கலாக எங்கும் செல்லும்படி ஆனது. பத்தும் ஐம்பதும் 1910இலும், நூறு 1911இலும் அவ்வாறே ஆயின. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வரவே, 1917இல் ஒரு ரூபாய் நோட்டு அச்சானது. காகிதம் கிராமத்துக்குள் உண்மையில் நுழைந்தது அதோடுதான். 1935இல் ரிசர்வ் வங்கி வந்தது. அதன் சட்டத்தின் 22ஆம் பிரிவு நோட்டு வெளியிடும் தனியுரிமையை அதற்குக் கொடுத்தது. 31ஆம் பிரிவு, பழைய 1861 தடையைப் புதிதாக எழுதி வைத்தது.

ஊர் வங்கி விழுந்தால் நோட்டு செல்லாமல் போகும் என்ற பயம் இதனால் இல்லாமல் போனது. போட்ட பணம் என்ன ஆகும் என்ற பயம் போகவில்லை. 1938இல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி மூடப்பட்டது. 1960இல் பாலா சென்ட்ரல் வங்கி விழுந்தபின் சிறு வங்கிகள் பல பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. 1962இல் வைப்புக் காப்பீடு வந்தபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் பாதுகாப்பு. 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை விதிக்கப்பட்டபோது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் நின்றனர். பத்து நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, வைப்புகள் அங்கே மாறின. வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது.