தூரிகையும் நிழற்படமும்

ஓவியன் தீட்டிய படத்தைக் காண்பது ஓர் இன்பம்; தீட்டும் ஓவியனையே படத்தில் காண்பது வேறோர் இன்பம். 1839ஆம் ஆண்டு பாரிசில் தாகேர் கண்ட நிழற்படக் கலை உலகுக்கு வெளிப்பட்டபோது, இனி ஓவியத்திற்கு வாழ்வில்லையென அஞ்சினோர் உண்டு. ஆயினும் சில பத்தாண்டுகளில் ஓவியரே விரும்பி நிழற்படக் கருவியின் முன் அமர்ந்தனர். 1884இல் இலண்டனில் வெளிவந்த ஒரு தொகுதிக்காக மேயால் என்பார் புகழ்பெற்ற ஓவியர் பலரை அவர்தம் இல்லங்களிலும் ஓவியக்கூடங்களிலும் படம் பிடித்தார். பாரிசில் எட்மண்ட் பெனார் அப்பணியை மேற்கொண்டார்.

நம் நாட்டில் இத்தகைய படங்களை எண்ணுங்கால் முதலில் நினைவுக்கு வருபவர் ராஜா ரவிவர்மா (1848–1906). தூரிகை ஏந்தித் திரைச்சீலையின் முன் விளங்கும் அவர்தம் நிழற்படம் தனியொரு மேதையைக் காட்டுகிறது. அதில் பொய்யில்லை, ஆயின் முழு உண்மையும் இல்லை.

திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டியவர் மதுரை இராமசாமி நாயக்கர். அந்நுட்பத்தை இளம் ரவிவர்மாவுக்குக் கற்பிக்க அவர் இசையவில்லை என்பர். அவர் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாகத் துணைபுரிந்தார் என்பர். தம்பி ராஜராஜவர்மா (1860–1905) அண்ணனுடன் ஊர்தோறும் சென்று, பல ஓவியங்களின் பின்புல நிலக்காட்சிகளைத் தீட்டினார். 1895 முதல் 1904 வரை அவர் எழுதிய நாட்குறிப்பே, நிழற்படம் காட்டாத அன்றாட உழைப்பை நமக்கு உரைக்கிறது.

1894இல் ரவிவர்மா மும்பையில் நிறுவிய கல்லச்சகம் பின்னர் காட்கோபருக்கும், அதன்பின் லோணாவளாவை அடுத்த மளவலிக்கும் பெயர்ந்தது. கல்யாணில் வாழும் நாம் மும்பை செல்கையில் காட்கோபரையும், புணே செல்கையில் மளவலியையும் கடக்கின்றோம். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக் கல்லில் வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த கைகள் அங்கே பல. நம் பூசையறைகளில் இலக்குமியும் கலைமகளும் குடிபுகுந்தது அக்கைகளாலன்றோ! அவற்றிற்குரியோருள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

தாராவியின் தோல் பட்டறைகளிலும் மாட்டுங்கா, செம்பூர், கல்யாண் இல்லங்களிலும் எடுத்த நம் முன்னோரின் பழைய படங்கள் நம் பெட்டிகளில் உறங்குகின்றன. நடுவில் அமர்ந்தவரை நாம் அறிவோம். ஓரத்தில் நிற்பவரை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் ஒவ்வொரு பெயரையும் எழுதி வைப்போமாக.