கப்பலேறாத தாத்தா

எங்கள் தாத்தாவை அப்பாவும் அத்தைமாரும் 'ஐயா' என்று கூப்பிடுவார்கள். பேரப்பிள்ளைகளான எங்களுக்குத் தாத்தா. ரங்கூனுக்கு வடக்கே ஷ்வேப்யிதாவில் அவர் கட்டிய மூங்கில் வீட்டை விட்டு நாங்கள் வெளியேறிவிட்டோம். இன்று கோலாலம்பூரில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்தபடி அவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். 1964இல் தாத்தா ஏன் கப்பலேறவில்லை?

தாத்தா ரங்கூனில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அரிசி ஆலைக்குக் கூலியாக வந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டபோது தாத்தாவுக்கு ஒன்பது வயது. அடுத்த மாதங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள். பெரும்பாலோர் நடந்தே போனார்கள், அரக்கான் மலை தாண்டியும் தமு வழியாக மணிப்பூருக்கும். காலராவும் பசியும் வழியிலேயே பல ஆயிரம் பேரைக் கொண்டுபோயின. எங்கள் குடும்பம் புரோம் வரைதான் போயிற்று. அங்கே தாத்தாவின் தாயார் காலராவில் இறந்தார். சாலையோரம் புதைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தகப்பனார் திரும்பிவிட்டார். இதைத் தாத்தா எங்களிடம் இரண்டு தரம்தான் சொன்னார். இரண்டு தரமும் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்.

1962 மார்ச் 2இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அரிசி வியாபாரம், ஆலைகள், கடைகள் என்று எல்லாம் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவிடம் செல்லாமற் போவதற்கு ஒரு நூறு கியாட் நோட்டுக்கூட இருக்கவில்லை. பர்மா இந்தியர் என்றதும் செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மூட்டை சுமந்தவர்களைப் பற்றி எழுத ஆளில்லை.

லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டுகளில் நாட்டை விட்டுப் போனார்கள். நகைகளைத் துறைமுகத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தாத்தாவின் தம்பியும் போனார். சென்னையில் தெருவோரம் அத்தோ விற்றுப் பிழைத்தார். பிசைந்தது என்ற பொருளுள்ள அந்தப் பர்மியச் சொல் அவரைப் போன்றவர்களோடுதான் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

தாத்தா ஏன் போகவில்லை என்பதற்கு அவரே மூன்று பதில்கள் வைத்திருந்தார். ஆலையில் சம்பளப் பாக்கி இருந்தது என்று அப்பாவிடம் சொன்னார். பாட்டி அப்போது சின்ன அத்தையை வயிற்றில் சுமந்திருந்தாள் என்பது அத்தைமாருக்குச் சொன்னது. எங்களிடம், "பாக்காத ஊருக்கு எப்படிடா திரும்பிப் போறது?" என்றார். அப்படிப் போனவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயரே 'தாயகம் திரும்பியோர்' என்பதுதான். அதே 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. இலங்கை வாசகர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

போகாததற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பிறந்த நாட்டிலேயே ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்கும் அந்நியர் பதிவுப் புத்தகத்தோடு வாழ்ந்தார். 1982 குடியுரிமைச் சட்டம், 1948 ஜனவரி 4க்கு முன்பே நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டது. ஆலைச் சீட்டுகள், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். வீட்டில் யாரும் தொடக்கூடாத ஒரே பொருள் அதுதான்.

1988 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, நகரின் நடுவே குடிசைகளில் இருந்தவர்களைப் புதுநகரங்களுக்குப் பெயர்த்தது இராணுவ அரசு. எங்களுக்கு ஷ்வேப்யிதா விழுந்தது. பொன்னான இனிய நாடு என்று அதற்கு அர்த்தம். நாங்கள் கண்டது வயலும் சேறும்தான். அறுபதை நெருங்கிய தாத்தா மண் சுமந்து மேடு கட்டி, மூங்கில் நட்டு, வீடெழுப்பினார். மழைக்காலத்தில் எங்களைத் தோளில் ஏற்றி முழங்கால் சேற்றில் பள்ளிக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் பலகையில் கரிக்கட்டியால் 'அ' எழுதிக் காட்டுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் எழுத்துகள் முழுதாக இருபதுகூட இராது. மீதியை நாங்கள் கோயில் வகுப்பில் கற்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

2011இல் இறந்தார். அவர் படுக்கையில் விழுந்த வருடத்தோடு எங்களில் பல்கலைக்கழகம் போன ஒருவரின் படிப்பும் நின்றது.

2021 பெப்ரவரியில் மறுபடி இராணுவம் வந்தது. மார்ச் 14இல் ஹ்லைங்தாயாவிலும் ஷ்வேப்யிதாவிலும் இராணுவச் சட்டம் போட்டார்கள். நாங்கள் கிளம்பினோம். அப்பா வரவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றார். அடுத்த வருடம் கூப்பிட்டபோது கால் வலி என்றார். போன வாரம் தொலைபேசியில் மறுபடி கேட்டோம்.

"மழை வருதுப்பா. கூரை மாத்தணும்" என்றார்.